வெண்டார் மாஸ்டருக்கு யார் பொறுப்பு? தரவுப் பொறுப்பைப் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரவு நிர்வாகத்தைப் புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் முதல் கூட்டத்திலேயே ஓர் எக்செல் பட்டியல் தயாராகிவிடும். ஒவ்வொரு தரவுக்கும் நேரே, அது சரியாக இருப்பதற்குப் பொறுப்பான ‘உரிமையாளர்’ என்று ஒரு பெயர் இருக்கும். பட்டியலே போடாதது, போட்டதைப் புதுப்பிக்காதது போன்ற தவறுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. பட்டியல் ஒழுங்காக இருந்தும் பணம் கைநழுவும் இடங்கள்தான் இங்கே பேச வேண்டியவை. சப்ளையர் விவரங்களை, அதாவது வெண்டார் மாஸ்டரை, எடுத்துக்கொள்வோம். கொள்முதல், நிதி, வரி, ஐ.டி. என நான்கு பிரிவுகளும் கைவைக்கும் தரவு அது.

ஐ.டி. பிரிவை உரிமையாளர் ஆக்குவது

“சர்வர் அவர்களிடம்தானே இருக்கிறது” என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் ஒரே காரணம். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தரும் தவறு இது. ஐ.டி. பிரிவு பேக்கப் எடுக்கும், அனுமதி உள்ளவரை மட்டும் உள்ளே விடும், யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவை வைத்திருக்கும். ஒரு சப்ளையரின் இரண்டு வங்கிக் கணக்குகளில் எது சரியானது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதைத் தீர்மானிக்கச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வழக்கமாக நடப்பது இதுதான். “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று சப்ளையர் பெயரில் மின்னஞ்சல் வருகிறது. கொள்முதல் பிரிவில் உள்ளவர் அதை டிக்கெட்டாக, அதாவது வேலைக் கோரிக்கையாக, ஐ.டி.க்கு அனுப்புகிறார். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 எழுத்துகள் உள்ளனவா, ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கிறது. இரண்டும் சரி, கணக்கு மாற்றப்படுகிறது. அடுத்த பட்டுவாடாவில் பணம் மோசடிக்காரரிடம் போய்ச் சேர்கிறது. விசாரணையில் கொள்முதல், “வந்த கடிதத்தை அனுப்பினோம்” என்கிறது. நிதி, “சிஸ்டத்தில் இருந்த கணக்கில்தான் போட்டோம்” என்கிறது. ஐ.டி., “டிக்கெட்டில் இருந்ததைச் செய்தோம்” என்கிறது. மூவர் சொல்வதும் உண்மை. அந்தக் கணக்கு எண் சரியா என்று தீர்மானிக்கும் பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை.

ஆகவே, வெண்டார் மாஸ்டர் முழுவதற்கும் ஒரே உரிமையாளர் என்று எழுதாமல் விவரம் விவரமாகப் பிரியுங்கள். பெயர், முகவரி, வழங்கும் பொருள் ஆகியவை கொள்முதல் தலைவருக்கு. வங்கிக் கணக்கும் பணம் செலுத்தும் கெடுவும் நிதித் தலைவருக்கு. ஜி.எஸ்.டி. எண், பான், டி.டி.எஸ். ஆகியவை வரிப் பிரிவுக்கு. ஜி.எஸ்.டி. எண்ணின் 15 எழுத்துகளில் 3 முதல் 12 வரை உள்ளது பான் என்பதால், இரண்டும் பொருந்துகின்றனவா என்பதை மென்பொருளே பார்த்துவிடும். அந்தப் பதிவு ரத்தாகிவிட்டதா என்பதை வரிப் பிரிவுதான் ஜி.எஸ்.டி. தளத்தில் அவ்வப்போது பார்த்தாக வேண்டும்.

வங்கிக் கணக்கு மாற்றத்துக்குத் தனி வழி வேண்டும். ரத்து செய்த காசோலையைக் கேட்டு வாங்குங்கள். கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே கோப்பில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்யுங்கள். ஒரு ரூபாய் அனுப்பி, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பதிபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர். இருவருமே நிதிப் பிரிவில் இருக்கட்டும், ஐ.டி.க்கு அந்தத் திரையில் திருத்தும் அனுமதியே வேண்டாம்.

சேகரிப்பவர் ஒருவர், நஷ்டம் வேறொருவருக்கு

சப்ளையரின் உத்யம் பதிவு எண்ணை, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசு தரும் பதிவு எண்ணை, கேட்டு வாங்குவது கொள்முதல் பிரிவு. அது விடுபட்டால் அடி விழுவது நிதிப் பிரிவுக்கு. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால், 2023-24 நிதியாண்டு முதல், அந்தத் தொகையை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். போதாக்குறைக்கு, 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகளும் உயர்ந்துவிட்டன: சிறு நிறுவனத்துக்கான விற்றுமுதல் வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடி ரூபாய் ஆகியிருக்கிறது. பழைய பதிவில் ‘நடுத்தரம்’ என்று இருப்பவர் இன்று ‘சிறு’ ஆகியிருக்கலாம்.

இத்தகைய விவரத்துக்கு நஷ்டப்படுபவரே உரிமையாளர். ஆண்டுதோறும் மறுபடி கேட்டு வாங்கச் சொல்லும் உரிமையும் அவருக்கே. கொள்முதல் பிரிவு சேகரித்துத் தரும்.

குழுவை நியமிப்பது

குழு கையெழுத்துப் போடாது. ஒரு பதவியை எழுதுங்கள், இன்று அதில் இருப்பவர் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள்.

அதிகாரம் இல்லாத பொறுப்பு

விவரம் குறைந்த சப்ளையருக்குப் பணம் போவதை நிறுத்திவைக்க முடியாத ஒருவரை உரிமையாளர் என்று அழைக்காதீர்கள்.

வெளியாளிடம் கொடுத்ததோடு கைகழுவுவது

தனி உரிமையாளராகத் தொழில் செய்யும் சப்ளையரின் பான், கைபேசி எண், வங்கிக் கணக்கு எல்லாமே தனிநபர் தரவுதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்தாலும் பொறுப்பு தரவைப் பயன்படுத்தும் நோக்கத்தையும் முறையையும் தீர்மானிக்கிற உங்கள் நிறுவனத்துக்கே. தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தரவுக் கசிவு போன்ற சைபர் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு. கசிவைக் கண்டதும் வெளி நிறுவனம் உங்களிடம் யாரை அழைக்க வேண்டும், எத்தனை மணிக்குள் அழைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இரவிலும் விடுமுறையிலும் எடுக்கப்படும் எண்ணாக அது இருக்கட்டும்.