கடல் உலா வரைபடம்: பல துறைகளின் தரவை கியூஜிஐஎஸ்-இல் சேர்ப்பது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலில் படகு விடுபவர்களுக்கு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு வரைபடம் போட உட்கார்ந்தேன். ஸ்டெல்வேகன் பேங்க் கடல் சரணாலயத்தின் எல்லை, மாநிலக் கடல் எல்லை, படகுகள் வழக்கமாகப் போகும் தடங்கள், மூன்றும் ஒரே படத்தில் வேண்டும். அங்கே 3 கடல் மைல் வரை மாநிலத்தின் பொறுப்பு, அதைத் தாண்டினால் மத்திய அரசு. தரவும் அப்படித்தான், ஆளுக்கொரு பக்கம்.

முதலில் கோப்புகளை எடுங்கள். மாநிலக் கடல் எல்லை, நோவாவும் (அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனம்) கடல் ஆற்றல் மேலாண்மைப் பணியகமும் சேர்ந்து நடத்தும் மரைன் கடாஸ்டர் தளத்தில் கிடைக்கும். சரணாலய எல்லை நோவாவிடம். படகுத் தடங்களுக்கு நார்த்ஈஸ்ட் ஓஷன் டேட்டா தளம். ஜிப் கோப்பை அப்படியே கியூஜிஐஎஸ்-க்குள் இழுத்துப் போட்டால் போதும். உள்ளே வந்ததும் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் சேமித்துவிடுங்கள். பழைய வடிவமான ஷேப்ஃபைல் பத்து எழுத்துக்கு மேல் உள்ள பத்தித் தலைப்புகளை வெட்டிவிடும், எனக்கு அதோடு ஒத்துவராது.

அடுத்துதான் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்ட இடம். சரிபார்ப்பதற்காகக் கரைக்கோட்டிலிருந்து 3 கடல் மைலுக்கு, அதாவது 5,556 மீட்டருக்கு, பஃபர் (கோட்டைச் சுற்றி அந்தத் தூரம் வரையிலான பட்டை) போட்டேன். திறந்த கடல் பக்கத்தில் அது அரசின் கோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே விழுந்தது. அரசுத் தரவுதான் தப்பு என்று திட்டினேன். தப்பு என்னுடையது. கரைக்கோடு வெப் மெர்கேட்டர் என்ற ஆயமுறையில் (பூமியின் இடங்களை எண்களாகக் குறிக்கும் முறை; இதன் குறியீட்டு எண் 3857) இருந்தது. அலகு மீட்டர் என்றுதான் காட்டும், ஆனால் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அது நிஜத் தூரத்தை நீட்டிக்கொண்டே போகும். 42 பாகை அட்சரேகையில் 5,556 என்று கொடுத்தால் நிஜத்தில் கிடைப்பது சுமார் 4,100 மீட்டர்தான்.

சரி, மாற்றிவிடலாம் என்று கரைக்கோட்டு அடுக்கின் மேல் வலது சொடுக்கி, ஆயமுறையை 26919 (யூடிஎம் 19 வடக்கு, இந்தப் பகுதிக்கு மீட்டர் சரியாக வரும் முறை) ஆக்கினேன். அடுக்கு மொத்தமாக வேறெங்கோ போய்விட்டது! அந்தக் கட்டளை பெயர்ச்சீட்டை மட்டும்தான் மாற்றும், எண்களைத் தொடாது. உங்களுக்கு வேண்டியது எண்களையும் சேர்த்து மாற்றும் 'ரீப்ரொஜெக்ட் லேயர்' கட்டளை. அதில் 26919 கொடுத்து, புதிதாக வரும் அடுக்கில் பஃபர் போடுங்கள். மற்ற அடுக்குகளுக்கும் இதையே செய்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை. ஒன்று, பஃபர் சரிபார்க்க மட்டும்தான். படத்தில் அதிகாரபூர்வக் கோட்டையே வையுங்கள்.

அப்புறம் நிறம், குறியீடு எல்லாம் உங்கள் விருப்பம்.

பின்சேர்க்கை: கப்பல்களின் ஏஐஎஸ் தரவை (கப்பல்கள் தாமாக ஒலிபரப்பும் இருப்பிடத் தகவல்) போட்டுப் பார்த்த ஒருவர், "கரையோரம் காலியாக இருக்கிறதே, அங்கே படகே வராதா?" என்று கேட்டிருந்தார். வரும். பொழுதுபோக்குப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏஐஎஸ் கட்டாயமில்லை, அதனால் அவை பதிவாவதில்லை. 2012-இல் படகுக்காரர்களிடமே கேட்டு, அவர்கள் போன வழியை வரைபடத்தில் குறிக்கச் சொல்லித் தொகுத்ததுதான் மேலே சொன்ன தடங்கள். ஆண்டு பழையது, அதைப் படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.