குருவிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டில் கொஞ்சம் கல் போடுங்கள்

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிறவர்கள் ஆழமான டப்பாவை விட்டுவிட்டு, அகலமான மண்தட்டில் கூழாங்கல்லைப் பரப்பி, கல்லின் தலை வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். உடைந்த பானையின் அடிப்பாகம் கிடந்தால் அதுவே போதும்.

நம் ராமநாதபுரம் கரையோரத்தில் பல ஊர்களில் குடிதண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், கல் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஓரிரு டம்ளரிலேயே தட்டு நிறைந்துவிடும். சிட்டுக்குருவியும் தவிட்டுக்குருவியும் கல்லில் காலூன்றிப் பயமில்லாமல் குடிக்கும், குஞ்சு தவறி விழுந்தாலும் மூழ்காது, தேனீகூட ஈரக்கல்லில் உட்கார்ந்து உறிஞ்சிவிட்டுப் போகும்.

மிச்சம் பிடிக்கிறோம் என்று உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் கண்ணுக்கு மேலே உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு, குருவிக்கும் மைனாவுக்கும் கிடையாது. அதுவும் வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற மிஞ்சுவதில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் வேப்பமர நிழலில் வையுங்கள். அப்புறம், தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கல்லையும் தட்டையும் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடித்துக் கொசுப்புழு வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஊருணி நிறைந்துவிட்டால் இது தேவையில்லை, தட்டைக் கவிழ்த்து வைத்துவிடலாம். பூனை நடமாடும் வீடு என்றால் எந்த மாதமானாலும் தரையில் வைக்காதீர்கள், மொட்டைமாடியில் நிழல் விழும் சுவர்மேல் வையுங்கள்.