மலையகத்து ஈரத்தில் ஒரு கராஜ்: வீட்டிலேயே காரைப் பேணத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

நமது பக்கத்தில் கராஜ் என்றதும் வாகனம் திருத்தும் இடமே பலருக்கு நினைவில் எழும். நான் இங்கே எழுதுவது வீட்டோடு ஒட்டி, ஒரு கார் நிற்கும் அளவில் அமைந்த கொட்டகையைப் பற்றி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கையில் உள்ள காரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இடைப்பட்ட ஆண்டுகளில் பலருக்கு வந்தது. எனக்கும் அப்போதுதான் வந்தது. ஹட்டனில் உள்ள எமது வீட்டுக் கொட்டகைக்கு நான் முதலில் வாங்கியவை ஒரு பொலிஷ் இயந்திரமும் ஐந்தாறு போத்தல்களும். இரண்டு மழைக்காலம் கழித்து, சாரதி இருக்கையின் முன்னால் உள்ள விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடித்தகட்டில் உள்ளங்கை அளவுக்குத் துரு பரவியிருந்தது. மேலே மினுங்கிய கார் கீழே அரிபட்டுக்கொண்டிருந்தது. ஆகவே பின்வரும் படிகளின் ஒழுங்கை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: முதலில் நீர், பிறகு காற்று, அதன்பின் மின்சாரமும் வெளிச்சமும், கடைசியில்தான் போத்தல்களும் துணிகளும்.

முதலாம் படி: நீரை வெளியே நிறுத்துதல்

நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு வெளியே நின்று, நீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று அரை மணி நேரம் பாருங்கள். மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வழிகளில் நீர் கராஜினுள் வரும். வீதியிலிருந்து கீழிறங்கும் பாதை நேராக வாசலில் முடிந்தால், பாதை முழுவதிலும் விழும் மழை வாசலுக்கே வந்து சேரும். இதற்கு வாசலின் முழு அகலத்துக்கும் குறுக்காக ஒரு கான் வெட்டி, கார் ஏறக்கூடிய இரும்புக் கிராதியால் மூடி, கானின் ஒரு முனையைத் தாழ்வான பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். மற்றது, பின்சுவருக்கு அப்பால் நிற்கும் மண்மேட்டிலிருந்து கசியும் நீர். சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் கான் இருக்கிறதா, அது இலைகுப்பையால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அணைசுவரில் நீர் கசிவதற்கென்று விட்டிருக்கும் துளைகளை, அழுக்கு வழிகிறது என்பதற்காகச் சீமெந்து பூசி அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் மேட்டினுள் நீர் தேங்கி, சுவரையே தள்ளிவிடும். கராஜைப் பெரிதாக்க மேட்டை வெட்டும் எண்ணம் இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கிடைக்கும்வரை மண்வெட்டியைத் தொட வேண்டாம். இதை நான் மிகுந்த அழுத்தத்துடன் சொல்கிறேன்.

அடுத்தது தரை. கொங்கிறீட் தரைக்குக் கீழிருந்து ஈரம் ஏறுகிறதா என்பதை அறிய, ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் அகலமான ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டி, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ, தாள் மூடியிருந்த இடம் கறுத்திருந்தாலோ ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. அத்தகைய தரையில் எப்பொக்சி பெயின்ட் பூசினால் சில மாதங்களில் தோல்தோலாக உரிந்துவரும். துளையுள்ள பிளாஸ்டிக் தரையோடுகளை விரிப்பதே அதற்குத் தக்கது. அடியில் ஈரமின்றி மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், அது காற்றிலிருந்து படிந்த ஈரம். தரையில் குறையில்லை, அடுத்த படியில் அதற்கு வழி உண்டு.

பெயின்ட் பூசத் தீர்மானித்தால் காலத்தைப் பார்த்துச் செய்யுங்கள். புதிய கொங்கிறீட் ஆகக் குறைந்தது 28 நாட்கள் இறுக வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி ஓயாது. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் நாட்களே உகந்தவை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் கணக்கு மாறும்: வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை கழிந்த பின்னர், ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் மாதங்களே நல்லவை. ஒரே மலையின் இரு பக்கங்களுக்கு இரு நாட்காட்டி என்பதை மறந்து, உறவினர் பூசினார் என்று நாமும் அதே மாதத்தில் பூசினால் பணம் வீணாகும்.

இரண்டாம் படி: காற்று நடமாடச் செய்தல்

குளிர்ப் பிரதேசத்தில் கராஜை இறுக்கி மூடிவைப்பதே பாதுகாப்பு என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மழையில் நனைந்து, சூடான இயந்திரத்துடன் வரும் கார் தன்னோடு பல லீற்றர் நீரைக் கொண்டுவரும். கதவை மூடியதும் அந்த நீர் ஆவியாகி, இரவில் தகரக் கூரையின் அடியிலும் காரின் உட்புறத் தகட்டிலும் மீண்டும் துளிகளாகக் கோக்கும். விடியற்காலையில் மழையே இல்லாமல் கூரை சொட்டுவதைக் கண்டவர்களுக்கு இது புரியும். தகரத்தின் அடியில் வெப்பத்தடுப்புத் தாளை இழுத்துக் கட்டினால் சொட்டுதல் பெருமளவு நிற்கும். ஒரு சுவரில் தரையை ஒட்டியும் எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டியும் காற்றுத் துவாரங்கள் வைத்து, எலி புகாதவாறு நெருக்கமான கம்பிவலை அடித்துவிடுங்கள். உட்புற ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடும். நமது ஊர்களில் வெளிக்காற்றே அதைவிட ஈரமானது என்பதால், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வாங்கித் துவாரங்களைத் திறந்து வைத்திருப்பதில் பயனில்லை. தகட்டில் நீர் தேங்கி நிற்காமல் காற்று ஓடிக்கொண்டிருந்தால் போதும். ஈரமான காரின் மேல் பிளாஸ்டிக் உறை போட வேண்டாம்.

துவாரம் இருக்கிறது என்ற தைரியத்தில், குளிர்ந்த காலை வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தை இயக்கிச் சூடேற்றுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. சில நிமிடங்களில் மயக்கமும் மரணமும் நேரும்.

மூன்றாம் படி: மின்சாரம்

இங்கே சுருக்கமாகச் சொல்வேன், ஏனெனில் இது தகுதி பெற்ற மின்வேலைக்காரர் செய்ய வேண்டிய வேலை. அவரிடம் கேட்க வேண்டியவற்றை மட்டும் தருகிறேன். கராஜுக்குத் தனி இணைப்பு, 30 மில்லி அம்பியர் மின்கசிவில் விழும் ட்ரிப் சுவிட்ச், முறையான புவித்தொடுப்பு, தரையிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் மூடியுடன் கூடிய 13 அம்பியர் பிளக் பொயின்ட்கள். உயரழுத்த நீர் இயந்திரம் 1,400 முதல் 2,000 வாற்று வரை இழுக்கும். அதைச் சுருட்டி வைத்த நீட்சி வயரில் பொருத்தினால் வயர் சூடாகி உருகும். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில் இடிமுழக்கம் கேட்டதும் மின்கல மின்னேற்றி உட்பட எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வெளிச்சம்

காரைப் பேணும் வேலையில் கண்ணுக்குத் தெரியாத குறையைக் கை திருத்த முடியாது. பகலிலும் மூடுபனி இறங்கும் ஊரில் வாசல் வெளிச்சத்தை நம்பவும் முடியாது. முதலில் சுவர்களுக்கும் கூரையின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளை பூசுங்கள். பிறகு கணக்கிடுங்கள். எமது கராஜ் 3.5 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமும் உடையது. பரப்பு 21 சதுர மீற்றர். பொதுவான வேலைக்கு ஒரு சதுர மீற்றருக்கு 300 லூமன் வேண்டும் என்று கொண்டால் 6,300 லூமன் தேவை. சுவரிலும் கூரையிலும் தூசியிலும் பாதி வெளிச்சம் தொலையும் என்று எடுத்துக்கொண்டால், அதை இரண்டால் பெருக்கி 12,600. நான்கு அடி எல்.ஈ.டி. டியூப் ஒன்று 20 வாற்றில் ஏறத்தாழ 2,000 லூமன் தரும் என்பதால் ஆறு டியூப்கள் ஏறத்தாழப் போதும். ஆறும் சேர்ந்து 120 வாற்று. இரண்டு மணி நேரம் எரிந்தாலும் கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நடுக்கூரையில், காரின் தலைக்கு நேர்மேலே வரிசையாக மாட்டினால் காரின் கூரை மட்டும் ஒளிரும். கதவுகளின் கீழ்ப்பாதி நிழலில் கிடக்கும். காரின் இரு பக்கங்களிலும், சுவருக்கும் காருக்கும் இடைப்பட்ட நடைபாதைக்கு மேலே, காரின் நீளத்தோடு இணையாக மூன்று மூன்றாகப் பொருத்துங்கள். கையில் இன்னும் பணம் இருந்தால் சுவரில் இடுப்பளவு உயரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக மேலும் இரண்டு. நீர் தெறிக்கும் இடமாதலால் ஐ.பி. 65 என்று குறித்த மூடிய கூடுகளை வாங்குங்கள். ஒளியின் நிறம் 5,000 கெல்வின் அளவில் இருப்பது நல்லது. 6,500 கெல்வின் டியூப் எளிதாகக் கிடைக்கும் என்றாலும் அதன் ஒளி நீலச்சாயலானது.

டியூப்பின் பரவிய ஒளியில் ஒரு குறை உண்டு. பெயின்டில் உள்ள வட்டவட்டமான மெல்லிய கீறல்களை அது மறைத்துவிடும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறக்குறியீடு (CRI) 90க்கு மேல் உள்ள ஒரு நல்ல கைவிளக்கை வாங்கி, டியூப்களை அணைத்துவிட்டு, அரை மீற்றர் தூரத்திலிருந்து சரித்துப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல ஒளியைச் சுற்றிக் கீறல்கள் எழுந்து நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது மனம் வருந்தும். பழைய பனியன் துணியால் தூசியோடு துடைத்த ஆண்டுகளின் கணக்கு அது.

ஐந்தாம் படி: சாமான்களும் அவற்றை வைக்கும் இடமும்

இரும்பு அலமாரி துருப்பிடிக்கும், ஒட்டுப்பலகை ஊதிவிடும். ஆகவே சுவரிலிருந்து விரலளவு தள்ளிப் பொருத்திய பிளாஸ்டிக் தட்டுகளே நமது காலநிலைக்குப் பொருந்தும். தொடக்கத்தில் வேண்டியவை மிகச் சில. நன்றாகக் கழுவிய 20 லீற்றர் பெயின்ட் வாளிகள் இரண்டு, சில்லுகளுக்கு மட்டும் சிறிய வாளியும் பிரஷும், அமிலமோ காரமோ அல்லாத, பி.எச். நடுநிலையான கார் ஷாம்பூ, மைக்ரோபைபர் கையுறை, சதுர மீற்றருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ள மைக்ரோபைபர் துணிகள் பத்து, நீரை ஒற்றியெடுக்கத் தடித்த துவாய் ஒன்று, ஏதாவது ஒரு மெழுகு. பாத்திரம் கழுவும் திரவமும் சலவைத்தூளும் முன்பு பூசிய மெழுகை உரித்துவிடும், அவை வேண்டாம். தோட்டத்துப் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் வறண்ட வலயத்தைப்போல வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளிகள் நமக்கு அவ்வளவாக விழுவதில்லை. ஆனால் மழைக்குப் பின் அதில் மணல் வரும். வாளியில் பிடித்து, துணியால் வடித்துப் பயன்படுத்துங்கள்.

துணிகளைப் பேணுவதே இங்கே கடினம். மென்மையூட்டும் திரவம் சேர்க்காமல், பருத்தித் துணிகளோடு கலக்காமல் தனியே கழுவ வேண்டும். மழைக்காலத்தில் காயவில்லை என்று அடுப்படியில் கட்டிவிட்டால் விறகுப்புகையின் கரி நூலிழைகளில் ஏறி, அடுத்த முறை அதுவே கீறும். காற்றோட்டமான அறையில் இரண்டு நாட்கள் ஆனாலும் முழுதாகக் காயவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றோடு போட்டு வையுங்கள். நிலத்தில் விழுந்த துணி பெயின்டின் பக்கம் திரும்பவே கூடாது.

இறம்பொடை, கினிகத்தேனை, கடுகண்ணாவை இறக்கங்களில் ஓடும் கார்களின் சில்லுகளில் பிரேக் தூசி தடிப்பாகப் படியும். அதற்கு இரும்புத்துகள் நீக்கி என்ற திரவம் உண்டு. தெளித்ததும் ஊதா நிறமாக மாறி வழியும். கையுறை அணிந்து, கதவைத் திறந்து வைத்து, காய்வதற்கு முன் கழுவிவிடுங்கள். பொலிஷ் இயந்திரம் இரண்டாம் ஆண்டுக்கு உரியது. வாங்கும்போது, வெறுமனே சுழல்வதை விடுத்து, சுழன்றபடியே அலையும் இருவியக்க வகையைத் தேர்ந்தெடுங்கள். பழக்கமற்ற கையிலும் அது பெயின்டை எளிதில் எரிக்காது. மொரிஸ் மைனர் போன்ற பழைய கார் என்றால், மறைவான ஓரிடத்தில் பொலிஷை ஒரு வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் மேலே தெளிந்த பூச்சு இல்லை. நிறப்பூச்சையே நாம் தேய்க்கிறோம் என்று பொருள். அங்கே மிக மென்மையான பொலிஷ், அதுவும் கையால்.

கழிவு எண்ணெயை அடிப்பகுதிக்குப் பூசும் பழக்கத்தைக் கைவிடுமாறு வேண்டுகிறேன். அது இறப்பர்ப் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். மழையில் கழுவப்பட்டுக் கானில் இறங்கும். ஹட்டன் பக்கத்துக் கான்கள் ஒருபுறம் மகாவலிக்கும் மறுபுறம் காசல்றீ நீர்த்தேக்கம் வழியே களனி கங்கைக்கும் ஓடுகின்றன; கீழே அந்த நீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றிய எண்ணெயைக் கேனில் அடைத்துச் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

ஆறாம் படி: முதல் கழுவல்

சில்லுகளை முதலில், அவற்றின் வாளியாலேயே முடியுங்கள். பிறகு காரின் மேல் நீரை நிறையப் பாய்ச்சி, செம்மண் தானாக இறங்கும்வரை பொறுத்திருங்கள். ஒரு வாளியில் ஷாம்பூ, மற்றதில் வெறும் நீர். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி, ஒரு தகடு முடிந்ததும் கையுறையை வெறும் நீரில் அலசிவிட்டே மீண்டும் ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். கடைசியில் அலசி, துவாயை விரித்து ஒற்றியெடுத்து, பிடிகள், கண்ணாடிகள், கதவோரங்களில் தங்கிய நீரையும் துடைத்துவிடுங்கள். கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள வடிதுளைகள் அடைபட்டிருந்தால் ஒரு ஈர்க்கால் குத்தித் திறந்துவிடுங்கள்.

உடனே உள்ளே விட வேண்டாம். வீதியில் ஒரு கிலோமீற்றர் அளவு ஓட்டி, மெதுவாக நான்கைந்து தடவை பிரேக் பிடித்தால் தட்டுகள் சூடாகிக் காயும். பிறகு கராஜில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சில்லுகளின் இரு பக்கமும் மரக்கட்டை வையுங்கள்; ஈரமான கைப்பிரேக் இரவில் ஒட்டிக்கொண்டால் காலையில் கார் அசையாது. இயந்திரம் ஆறும்வரை, அரை மணி நேரமாவது, கதவு திறந்தே இருக்கட்டும்.