காருக்கு சப்ஊஃபர் வாங்கறக்கு முன்னாடி பொட்டிய முடிவு பண்ணுங்க

சப்ஊஃபர்ங்கறது பேஸ், அதாவது பாட்டோட கனமான அடிச்சத்தம், குடுக்கறதுக்குன்னே இருக்கற ஸ்பீக்கர். அது வாங்கக் கடைக்குப் போனதும் நாம கேக்கறதும் அவங்க சொல்றதும் ஒண்ணேதாங்க, எத்தனை இன்ச்சு, எத்தனை வாட்ஸ். டப்பா மேல 1500 வாட்ஸ்னு கொட்டை எழுத்துல இருக்கும், அது பீக், ஒரு நொடி தாங்கறது. நீங்க பாக்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது விடாம தாங்கற பவர், எவ்வளவுன்னு, அது 250, 300 இருந்தாலே நம்மூர் ஹேட்ச்பேக்குக்கும் சின்ன செடானுக்கும் தாராளம். ஆனா அதுகூட ரெண்டாவதுதான். பேஸ் நல்லா இருக்கறதும் கெட்டுப் போறதும் ஊஃபர மாட்டற மரப் பொட்டில இருக்குதுங்க. நல்ல ஊஃபர தப்பான பொட்டில மாட்டினா தொம்முதொம்முன்னு ஒரே நோட்டுதான் வரும், சுமாரான ஊஃபர சரியான அளவு பொட்டில மாட்டிப் பாருங்க, பேஸ் கிட்டார்ல ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா கேக்கும், தவில்ல தொப்பிப் பக்கம் குச்சி விழுகறது கேக்கும்.

நாலு கம்பி பேஸ் கிட்டார்ல ஆகக் கீழ் நோட்டு 41 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், கிக் டிரம்முக்கு பலம் பெரும்பாலும் 50ல இருந்து 80 வரைக்கும். அதனால 35, 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் சுத்தமா வந்தா நாம கேக்கற பாட்டுக்கு போதுங்க. 20 ஹெர்ட்ஸ் வேணும்னு அடம் புடிச்சு டிக்கி பூரா பொட்டிய அடைக்க வேண்டியதில்ல.

ஊஃபரோட ஒரு பேப்பர் வரும், பல பேரு அதை அப்படியே டப்பால விட்டர்றாங்க. அதுல எஃப்எஸ் (Fs, ஊஃபர் தானா அதிர்ற ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (Qts, அந்த ஆட்டம் எவ்வளவு அடங்குதுங்கற அளவு), விஏஎஸ் (Vas, ஊஃபரோட நெகிழ்வுக்குச் சமமான காத்து, லிட்டர்ல)னு மூணு நம்பர் இருக்கும். நெவில் தீல், ரிச்சர்டு ஸ்மால்னு ஆஸ்திரேலியால ரெண்டு எஞ்சினியருங்க 1960, 70கள்ல கண்டுபுடிச்சு வச்ச கணக்கு இது, இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா பொட்டி அடிக்கறது இதை வச்சுத்தான். க்யூடிஎஸ் 0.4க்கு மேல 0.7க்குள்ள இருந்தா காத்துப் போகாம அடைச்ச சீல்டு பொட்டிக்குத் தோது, 0.4க்குக் கீழ இருந்தா பெரும்பாலும் காத்துப் போய் வர ஒரு குழாய் வச்ச போர்ட்டடுக்கு. இந்தப் பேப்பரே இல்லாம விக்கறாங்கன்னா அந்த ஊஃபர் எவ்வளவு சல்லிசா கெடைச்சாலும் வேண்டாங்க.

சீல்டா போர்ட்டடா? கார்ல தரமான பேஸ் வேணும்னா என் ஓட்டு சீல்டுக்குத்தான், காரணத்த சித்தெ பொறுமையா கேளுங்க. சீல்டு பொட்டில சத்தம் கீழ போகப் போக ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகறப்பெல்லாம், 12 டெசிபல் கணக்குல கொறையும், வீட்ல வச்சா இது ஒரு கொறை. ஆனா கார் ஒரு சின்ன அடைச்ச ரூம், அலை நீளத்துல பாதி காரோட உள்நீளத்த விட பெருசா ஆச்சுன்னா காருக்குள்ள அழுத்தம் கூடிக்கிட்டே போகும், அதைத்தான் கேபின் கெய்ன்ங்கறாங்க. உள்ள ரெண்டரை மீட்டர் நீளம்னு வச்சுக்கிட்டா கிட்டத்தட்ட 70 ஹெர்ட்ஸ்ல இருந்தே இது ஆரம்பிச்சுரும், கணக்குப்படி ஆக்டேவுக்கு 12 டெசிபல் வரைக்கும் ஏத்தும், கண்ணாடி, கதவு வழியா கொஞ்சம் ஒழுகறதால நெசத்துல அதை விட கொறையாத்தான் கெடைக்கும். அப்பக்கூட பொட்டி கொறைக்கறத காரு ஏத்திக் குடுக்குது, காசு செலவில்லாம! போர்ட்டட் பொட்டி அந்தக் குழாய்க்கு வச்ச ஹெர்ட்ஸ், அதாவது ட்யூனிங் பக்கத்துல சத்தம் எச்சா குடுக்கும், மறுக்கல, ஆனா ட்யூனிங்குக்குக் கீழ ஆக்டேவுக்கு 24 டெசிபல் கணக்குல விழும், அங்க ஊஃபரோட முன்னால ஆடற கோனை புடிச்சு நிறுத்தறக்கு காத்தும் இல்ல, ரொம்பக் கீழ் சத்தத்த வெட்டற சப்சோனிக் ஃபில்டர் போடலைனா கோன் கன்னாபின்னான்னு ஆடி அதை ஆட்டற காயிலு போயிரும். பொட்டியும் பெருசாகும். போர்ட்டட் தான் வேணும்னா கணக்கு போட்டு அடிக்கற ஆளுகிட்ட குடுங்க, ரெடிமேடு மட்டும் வேண்டாம்.

இப்ப அளவு. சீல்டுக்கு ஊஃபரும் பொட்டியும் சேந்து வர்ற க்யூன்னு ஒரு நம்பர் இருக்குது, அதை 0.707ல வச்சா எந்த நோட்டும் துருத்தாம சமமா வரும். 0.707ஐ ஊஃபரோட க்யூடிஎஸ்ஸால வகுங்க, வர்றத அதாலயே பெருக்குங்க, அதுல ஒண்ண கழிங்க, விஏஎஸ்ஸ அதால வகுத்தா பொட்டி எத்தனை லிட்டர்னு வந்துரும். க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 30 லிட்டர்னா பொட்டியும் சரியா 30 லிட்டர். கார்பெண்டர்கிட்ட 18 எம்எம் பலகைல வெளிய 45க்கு 35க்கு 30 சென்டிமீட்டர்னு சொன்னா உள்ள 34 லிட்டர் வரும், ஊஃபரோட பொறபக்கம் ஒரு ரெண்டு லிட்டர், குறுக்குக் கட்டை ஒரு லிட்டர் தின்னுரும், மீதி 31, கச்சிதம். வெளியளவுல கணக்கு போட்டர்றதுதான் நெறைய பொட்டிக கெட்டுப் போறக்கு காரணம், பலகை கனத்த கழிக்காம விட்டா 47 லிட்டருக்கு மேலயில்ல காட்டும்.

பலகை எம்டிஎஃப் நல்லதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நெசந்தான், ஆனா தண்ணி பட்டா ஊறி உப்பிரும். பொள்ளாச்சி, வால்பாறைன்னு மழைக்குள்ள ஓட்டற வண்டின்னா 18 எம்எம் நல்ல ப்ளைவுட்டே போடச் சொல்லுங்க. 12 எம்எம் வேண்டாம், பலகையே அதிரும். அடிச்சு முடிச்சதும் விரல் முட்டியால பக்கத்த தட்டிப் பாருங்க, டொக்குனு கனமா கேக்கோணும், டமடமன்னு பரவினா உள்ள குறுக்குக் கட்டை பத்தல. உள் மூலையெல்லாம் பசையோ சிலிக்கானோ வச்சு அடைச்சு, அது நல்லா காஞ்சு வாடை போனப்பறம் ஊஃபர மாட்டி, ரெண்டு உள்ளங்கையும் வச்சு கோனை மெதுவா அமுக்கி விடுங்க. மெல்ல ஊர்ந்து திரும்பி வந்தா பொட்டில ஓட்டை இல்ல, டக்குனு துள்ளி வந்தா எங்கயோ காத்து போகுது. பொட்டி கொஞ்சம் சின்னதா போயிருந்தா தலகாணிக்குப் போடற ரெக்ரான் பஞ்சு தளர்வா வைங்க, சித்தெ பெரிய பொட்டியாட்டம் வேலை செய்யும்.

சிஎன்ஜி சிலிண்டர் டிக்கிய அடைச்சுட்டு இருக்குதுன்னா சீட்டுக்கு அடில வைக்கற ஆம்ப்ளிஃபையரோட சேந்த சப்தான் வழி. ரொம்பக் கீழ போகாது, ஆனா டோர் ஸ்பீக்கருக்கு நல்ல தொணை.

ஆம்பு (ஆம்ப்ளிஃபையர்), ஊஃபரோட ஆர்எம்எஸ்ஸுக்கு ஒத்து வரோணும், ஓம் (மின்தடை அளவு) பாத்து வாங்கோணும். ஊஃபருக்கு ரெண்டு காயில் இருந்து, ஒவ்வொண்ணும் நாலு ஓம்னா சேத்துக் கட்டற வகைய பொறுத்து ரெண்டு ஓம் இல்லைனா எட்டு ஓம் வரும், ரெண்டு ஓம் தாங்காத ஆம்ப்ல மாட்டிராதீங்க. 300 வாட்ஸ்க்கு கிட்டத்தட்ட 27 ஆம்பியர் இழுக்கும், அதனால ஒயர் சுத்தமான செம்பு, 8 கேஜ் ஒயர விட மெலிசா இல்லாம. வெளிய செம்பு முலாம், உள்ள அலுமினியம்னு ஒரு ஒயர் சல்லிசா விக்கும், ஒரு நுனிய பிளேடால சுரண்டினா வெள்ளையா தெரியும், அது வேண்டாங்க. பேட்டரில இருந்து ஒண்ணரை அடிக்குள்ள ஃப்யூஸ் கட்டாயம், இதுல விட்டுக்குடுக்காதீங்க, ஒயர் உரசி ஷார்ட் ஆச்சுன்னா வண்டியே எரிஞ்சுரும்.

மாட்டினப்பறம் லோ பாஸ் (அதுக்குக் கீழ இருக்கற சத்தத்த மட்டும் விடறது) 80 ஹெர்ட்ஸ்ல வச்சு, டோர் ஸ்பீக்கருக்கும் அதே 80ல ஹை பாஸ் (மேல இருக்கறத மட்டும் விடறது) போட்டு, பேஸ் பூஸ்ட்ட அணைச்சுட்டு, பேஸ் கிட்டார் தெளிவா இருக்கற பழைய பாட்டு ஒண்ண ஓடவிட்டு, டிரைவர் சீட்ல உக்காந்து கோன் ஆடற திசைய மாத்தற ஃபேஸ் ஸ்விட்ச்ச மாத்தி மாத்திக் கேளுங்க, எதுல பேஸ் நெறைவா முன்பக்கமா வருதோ அதுதான் சரி. ஆம்ப்ல இருக்கற கெய்ன்ங்கற திருகு வால்யூம் இல்லீங்க, சத்தம் உடையற எடத்துக்கு முன்னாடியே நிறுத்தோணும். நம்பர் பிளேட்டு கடகடங்குதான்னு டிக்கிய சாத்திட்டு வெளிய நின்னு பாருங்க, பின்னால ஒரு துண்டு ஃபோம் ஒட்டினா நின்னுரும். நிறுத்தி வச்சுக் கேட்டது அவிநாசி ரோட்ல போறப்ப டயர் சத்தத்துல அமுங்கிப் போகும், அதுக்காக கெய்ன ஏத்தாதீங்க, ஆம்போட வர்ற சின்ன பேஸ் நாப ஸ்டீரிங் பக்கத்துல கை எட்டற மாதிரி மாட்டி, ஓடறப்ப கொஞ்சம் ஏத்திட்டு ஊருக்குள்ள வந்ததும் எறக்கிக்குங்க.