மலைப்பாதையில் எரிமலைக் குழம்பின் அடுக்குகளை எண்ணுவது எப்படி?

மும்பையிலிருந்து புனேவுக்கு ரயிலில் போனால், கர்ஜத் தாண்டியதும் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். எதிரே தெரியும் மலை படிக்கட்டு கட்டியதுபோல இருக்கும். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான இந்தப் பாறைப் பரப்புக்கு டெக்கான் டிராப் என்று பெயர்; அதில் டிராப் என்பதே படியைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்ததுதான். கூம்பு மாதிரி ஒரு மலை கக்கியது என்று நினைத்துவிடாதீர்கள்; சுமார் 6.6 கோடி வருடங்களுக்கு முன் நிலம் நீளவாக்கில் வெடித்து, அந்த வெடிப்புகளில் பொங்கிய குழம்பு ஓடி உறைய, அதன் மேல் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று என்று ஏறியது. அரித்தது போக இன்றும் கிட்டத்தட்ட 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு மிச்சம். வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்தியா அப்போது பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் ஒரு வெப்பப் புள்ளியின் மேல் வந்தது, அதுதான் இப்போது ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து.

சரி, எண்ணுவோம். மகாபலேஷ்வர் பக்கம் மலையை வெட்டிப் போட்ட சாலை ஏதாவது போதும். மழைக்காலம் வேண்டாம், பாசியும் புல்லும் மறைக்கும், கல்லும் உருளும். வெளிப்பக்கம் பழுப்பாக இருப்பதை நம்பாமல், கீழே உடைந்து கிடக்கும் துண்டை எடுத்துப் பாருங்கள், உள்ளே கருஞ்சாம்பல் நிறம். நம் ஊரில் கருங்கல் என்கிறோமே, பல்லாவரம் மலைக் கல், அது வேறு ஜாதி.

இப்போது கீழிருந்து மேலே பாருங்கள். அடியில் துளையில்லாத கெட்டிக் கல், மேலே போகப் போக ஆப்பத்தின் நடுப்பகுதிபோல பொத்தல்: வாயு மேலே ஏறி, வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்ட இடம். பின்னாளில் நீர் புகுந்து அந்தப் பொத்தல்களை ஜியோலைட் என்ற கனிமத்தின் வெள்ளைப் படிகங்களால் அடைத்திருக்கும். பொத்தல் முடிந்து மறுபடி கெட்டிக் கல் வந்தால் ஒரு குழம்பு அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அர்த்தம்.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன். ஒரே பொங்கலில் வந்த குழம்பே நாக்கு நாக்காகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று படியும், அதனால் பொத்தல் அடுக்கை மட்டும் எண்ணினால் கணக்கு ஏகத்துக்கு ஏறிவிடும். தேட வேண்டியது இரண்டு கல்லுக்கும் நடுவே ஓடும் செங்கல் நிறப் பட்டை. குழம்பு நின்றுபோன காலத்தில் பாறை இற்றோ சாம்பல் விழுந்தோ மண்ணாகி, அடுத்த குழம்பின் சூட்டில் வெந்த மண் அது. எல்லா இடைவெளியிலும் இருக்காது, இருந்தால் அங்கே எரிமலை ஓய்வெடுத்திருக்கிறது. நாக்பூர் பக்கம் போனால் இப்படிப்பட்ட ஓய்வில் தேங்கிய ஏரிகளின் படிவே கிடைக்கும், உள்ளே நன்னீர் நத்தை ஓடுகளோடு.