ஆறுதல் சொல்லும் கன்ட்ரி பாட்டு எங்கே சறுக்குகிறது?

காதல் முறிந்தவருக்கு ஆறுதலாக ஒரு கன்ட்ரி பாட்டு (அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த பாட்டு) எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். "அழாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆரம்பிப்பார்கள். அழுகிறவருக்கு அந்த நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் எழுதி, சாமி ஸ்மித் பாடி, 1971-ல் அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்' பாட்டைக் கேளுங்கள். தனிமை தாங்காதவள் பாடுவது அது. எது சரி, எது தப்பு, நாளைக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். ஒரு ராத்திரிக்குத் துணை வேண்டும், அவ்வளவுதான். ஆறுதல் சொல்லும் பாட்டை அவளுக்கான பதிலாக நினைத்து எழுதிப் பாருங்கள், அறிவுரையெல்லாம் தானாக உதிர்ந்துவிடும்.

அப்புறம், "உன் இதயம் சுக்குநூறானது" மாதிரி வரிகள். அது அவளுக்கே தெரியும். அதற்குப் பதில், "காபி ஆறிப்போச்சு, வேற போட்டுத் தர்றேன்" என்று ஒரு வரி வைத்துப் பாருங்கள். அவள் வாயில் வைக்கவில்லை, நேரம் போனது தெரியவில்லை, ஆறுதல் சொல்கிறவன் எழுந்து போகப்போவதில்லை. மூன்றும் அதிலேயே வந்துவிடுகிறது.

விட்டுப்போனவனைத் திட்டாதீர்கள். அவள் இன்னும் அவனுக்காகப் பரிந்து பேசுவாள்.

ஆறுதல் சொல்கிறவனுக்கே அவள்மேல் ஆசை இருந்தால்? இருக்கலாம், நல்ல பாட்டுக்கு அது இடம் கொடுக்கும். ஆனால் இரண்டாவது சரணத்திலேயே அதைப் போட்டு உடைத்தால், போட்டுக் கொடுத்த காபி தூண்டில் புழுவாகிவிடும். சொல்லாமலே விடுவது எனக்குப் பிடிக்கும்.

இசையில் நடக்கும் பெரிய தவறு, பெடல் ஸ்டீல் கிட்டாரை, அதாவது படுக்கவைத்து வாசிக்கும், காலால் மிதிக்கும் பெடல்கள் உள்ள கிட்டாரை, பாட்டு முழுக்க ஊற்றுவது. 1954-ல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் அதை வாசித்தார். கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தால் சுருதி வளையும், தொண்டை அடைக்கிற மாதிரி. அந்தப் பாட்டுக்கு அப்புறம் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் எல்லாருக்கும் அந்த ஒலி வேண்டியிருந்தது. ஆறுதல் பாட்டில் அதை வரிக்கும் வரிக்கும் நடுவில், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் விடுங்கள். அவளுடைய அழுகை அது. பாடுகிறவர் குரல் உடையக் கூடாது, அவளுக்குப் பிடித்துக்கொள்ள இருப்பது அந்தக் குரல்தான்.