ஒரே சொல்லை ஐந்து விதமாக எழுதும் பிள்ளை சோம்பேறி இல்லை

மும்பை தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அழித்து அழித்து எழுதியதில் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வழியே அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது.

அவன் அம்மா விடியற்காலையில் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்புகிறவர். எந்தத் தூக்கில் எத்தனை இட்லி போனது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று அவன் மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். அதையே எழுதச் சொன்னால் 41 என்பது 14 ஆகிவிடும். "வாய் ஓயாமல் பேசுகிறான் டீச்சர், பென்சிலை எடுத்தால்தான் சோம்பல்" என்றார் அம்மா. நானும் அதை நம்பினேன். தப்பாக எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் 20 தடவை இம்போசிஷன் கொடுத்தேன். மறுநாள் கொண்டுவந்தான். அந்த 20 வரிகளில் ஒரே சொல் ஐந்து விதமாக இருந்தது.

நான் செய்த பெரிய தவறு அந்த இம்போசிஷன்தான். சோம்பல் உள்ள பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். உட்கார்ந்து 20 வரியும் எழுதாது. காதில் விழும் ஒலியை அதற்குரிய எழுத்தோடு சேர்க்கும் வேலை மூளையில் வேறு விதமாக நடப்பதைத்தான் டிஸ்லெக்சியா என்கிறார்கள். அறிவுக் கூர்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுதுவதில் வரும் சிக்கலுக்கு டிஸ்கிராபியா என்றும், எண்களில் வருவதற்கு டிஸ்கால்குலியா என்றும் பெயர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்லும் கற்றல் குறைபாடும், பிறரோடு பேசிப் பழகுவதில் வேறுபாடு தெரியும் ஆட்டிசமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தேவை ஒலியைப் பிரித்து, எழுத்தோடு சேர்த்து, படிப்படியாகக் கற்றுத்தரும் பயிற்சி. தப்பையே திரும்பத் திரும்ப எழுதவைத்தால் கைதான் வலிக்கும். வல்லாரை லேகியத்தாலும் எழுத்து திருந்தாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எல்லாத் தடுமாற்றத்தையும் குறைபாடு என்று நினைத்துப் பயந்துவிடுவது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி. தமிழில் ஒரே ஒரு 'க' இடத்துக்கேற்ப ஒலி மாறும். தேவநாகரியில் அந்த வரிசைக்கு நான்கு எழுத்துகள். தமிழ் காதுக்கு அந்த நான்கும் பிடிபட நாளாகும். மராத்தியில் மட்டும் எழுத்து மாறி விழுகிறது, மற்ற மொழிகளில் சரியாக இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் பழக்கம் போதாமைதான். பல ஆண்டு படித்த மொழியிலும் அதே தடுமாற்றம் தொடர்ந்தால் பரிசோதனைக்குக் கூட்டிச்செல்லுங்கள். அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள்.

குழந்தை தாமதமாகப் பேசினால் "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழி போதும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இதைக் கேட்டு நடந்த வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ வருவதில்லை. தமிழை நிறுத்தினால், அந்தக் குழந்தையிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசும் ஒரே ஆளான ஆச்சியும் வாயடைத்துப் போகிறார். அது குழந்தைக்கு இரட்டை இழப்பு.

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்" என்று காத்திருக்கவும் வேண்டாம். 2 வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். படிப்பு சார்ந்த குறைபாட்டுக்குச் சான்றிதழ் வழக்கமாக 8 வயதுக்குப் பிறகுதான் தருவார்கள். உதவி அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒலிப் பயிற்சியை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று நடக்கிறது. ஏ.டி.எச்.டி. (கவனம் ஓரிடத்தில் நிலைக்காத, சிலரிடம் துறுதுறுப்பும் சேரும் நிலை) என்றாலே ஓடியாடும் பையன்தான் என்று நினைக்கிறோம். பின் பெஞ்சில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தினமும் எதையாவது தொலைத்துவிட்டு வரும் சிறுமிக்கும் அது இருக்கலாம். தொந்தரவு தராததால் அவளை யாரும் கவனிப்பதில்லை.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும், நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகும் என்று மறைப்பவர்கள் உண்டு. 'மக்கு' என்ற முத்திரை வகுப்பில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. சான்றிதழ் அதைத் துடைக்க உதவும். சி.பி.எஸ்.இ.-யின் மூன்று மணி நேரத் தேர்வில் இப்படிப்பட்ட மாணவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. தேவைப்பட்டால் அவர் சொல்லச் சொல்ல எழுதித்தர ஆள் வைத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிர வாரியத் தேர்விலும் சலுகைகள் உண்டு. மும்பையில் சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனை செய்கிறார்கள். தாராவியிலிருந்து சயான் நடந்து போகும் தூரம்.

மே மாத விடுமுறையில் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போனதும் "எத்தனை மார்க்?" என்று சித்தி, அத்தை எல்லோரும் பிள்ளையைச் சூழ்ந்துகொள்வார்கள். பெற்றோரே முன்வந்து பதில் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலியை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். பயம் வயிற்றில்தான் முதலில் தெரியும். அந்த வலி உண்மையானது. பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகத் திட்டுவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடைசெய்திருக்கிறது. பிள்ளையின் மனநிலை பற்றிக் கவலை வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

பரிசோதனைக்குப் போகிற அன்று பள்ளி மார்க் பட்டியலோடு இரண்டு மூன்று வருடத்து நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த இட்லிக்கார அம்மா முதல் நாள் இரவே நோட்டுக்குப் புது அட்டை போட்டு, கிழிந்த பக்கங்களையும் பிய்க்கப் போனார். தடுத்துவிட்டேன். மருத்துவர் அதிக நேரம் வைத்துப் பார்த்தது அந்த ஓட்டை விழுந்த பக்கத்தைத்தான்.